இரண்டு பென்னி வளைவு

நாற்பத்தோராம் எண் பேருந்தை
ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன்.
ஆக்கர்ஸ்லியின் ஹை ஸ்ட்ரீட் நூல் பிடித்த மாதிரி,
தேவாலய வாசலில் கிளம்பி
'ஆட்டுக்குட்டி' மதுக்கூடம் வரைக்கும்.
அங்கே மட்டும்
காரணமில்லாமல் இடப்பக்கம் ஒடிந்து
பதினைந்து கஜம் போய்
ஒன்றும் நடக்காதது போல மறுபடி நிமிரும்.

மேடில்லை, குளமில்லை, மரமில்லை.
இருப்பது கெய்த் ஹார்பட்டிலின் வீடு.
அதன் மூலைக்கு இரும்புக் கவசம்.
லாரிகள் உரசி உரசி
கரண்டி மாதிரி குழிந்துவிட்ட கவசம்.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று.
கொள்ளைநோய்ப் பிணக்குழி என்றது மதுக்கூடம்.
ரோமானியர் கோயில் என்றது
ஊராட்சி மாட்டிய நீலப் பலகை.
பேய் என்றான் எதிர்ப்பக்கத்து இறைச்சிக்கடை டெரெக்,
கடையை லியான் ஸ்கட்டுக்கு விற்றுவிட்டுப் போகும் வரை.
அங்கே இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.

போன மார்ச்சில்
ராட்டர்டாமிலிருந்து கிழங்கு ஏற்றி வந்த லாரி மாட்டிக்கொண்டது.
முன்னேயும் போகாது, பின்னேயும் வராது.
நாலரை மணி நேரம்.
அடுத்த வாரம் பொறியாளர்கள் வந்து
தரையில் ஆரஞ்சுக் கோடு போட்டார்கள்.
வளைவை நிமிர்த்திவிடலாம்,
கெய்த்தின் வரவேற்பறையை மட்டும் எடுத்தால் போதும்.

அதற்கப்புறம்தான்
ரோசமண்ட் தர்க்கெட்டில் வியாழக்கிழமைதோறும்
என் பேருந்தில் மாவட்ட ஆவணக் காப்பகம் போக ஆரம்பித்தார்.
பேனா கூடாதாம், பென்சில்தான்.
ஆட்டுத்தோல் சுருளில் லத்தீன்,
அதுவும் பாதி எழுத்தை விழுங்கிய லத்தீன்.
பதினோராவது வியாழன்
சீட்டு வாங்க மறந்து என் அருகே நின்று சொன்னார்:
"எரு."

ஆயிரத்து முந்நூற்று எண்பத்தேழு, பண்ணை நீதிமன்றம்.
வால்டர் பாஸ்க் என்பவன்
தன் வாசலுக்கு முன்னால் எருக் குவித்து
பொதுவழியை மறித்தான்.
புகார் சொன்னவள் எதிர்வீட்டு ஆக்னஸ் டன்னக்.
அபராதம் இரண்டு பென்னி.
மறு வருடமும் இரண்டு பென்னி.
அதற்கடுத்த வருடம் மூன்று.
பன்னிரண்டு வருடம் அவன் கொட்டினான்,
ஊர் சுற்றிப் போனது.
சுற்றிப் போன இடத்தில் வண்டித்தடம் விழுந்தது.
தடத்தை நம்பி வேலி வந்தது, வேலியை நம்பிச் சுவர்.
குவியல் மக்கி மண்ணாக,
மண்மேல் யாரோ வீடு கட்ட,
அந்த வீட்டில்தான் கெய்த் இப்போது தொலைக்காட்சி பார்க்கிறார்.

தேவாலயத்தின் கூர்முனையோ
ஒரு புயலில் முறிந்து, திருப்பிக் கட்டக் காசில்லாமல்
இருநூறு வருடமாக மொட்டையாக நிற்கிறது.
கோபுரம் தாழ்ந்தது, குப்பை உயர்ந்தது என்று நான் சிரித்தேன்.
ரோசமண்ட் சிரிக்கவில்லை.
அவர் ஆக்னஸின் ஜன்னலை நினைத்துக்கொண்டிருந்தார்.
பன்னிரண்டு கோடை. அத்தனை ஈ.

ஊர்மன்றத்தில் கூட்டம், நாற்காலி போதவில்லை.
"என் ரோஜா ஏன் இப்படிக் கொழுக்கிறது என்று
இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றார் கெய்த்.
நிமிர்த்தச் சொல்லி முதலில் கை தூக்கியவள் லியான்.
ஹாரன் சத்தத்தில்
கத்திரிக்குக் கீழே நாய் துள்ளுகிறதாம்.
அவள் கடை நிற்பது ஆக்னஸின் மனையில்.
அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.
நாற்பத்துமூன்றுக்கு நாற்பத்தொன்று.
வளைவு பிழைத்தது.

புதுப் பலகையில் எரு என்று போடலாமா என்று
மூன்று கூட்டம் பேசி
'இடைக்கால வேளாண் தளம்' என்று போட்டார்கள்.
வால்டர் அந்தப் பணத்தைக் கட்டியதாக
எந்தச் சுருளிலும் இல்லை என்கிறார் ரோசமண்ட்.

இன்று காலை எட்டு பத்து.
கெய்த்தின் மூலை வந்ததும்
கண்ணுக்கு முன்பாகக் கை சக்கரத்தை இடப்பக்கம் ஒடிக்கிறது.
பள்ளிப் பிள்ளைகள் மொத்தமும் வலப்பக்கம் சாய்கிறார்கள்,
பேச்சை நிறுத்தாமல்.
ஒரு பையனின் பை மட்டும்
இருக்கையிலிருந்து நழுவி நடைபாதை முழுக்க உருளும்.
தினமும்.
மடியில் வைத்துக்கொள்ளடா என்றால்
கேட்பதில்லை.